கூண்டின் கால்: பழைய செவ்ரோலே பிக்கப்பில் ரோல் கேஜ் கட்டுவது பற்றிய ஆய்வு

1. பொருளும் எல்லையும்

ரோல் கேஜ் என்றதும் எல்லோரும் முதலில் குழாயைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எத்தனை அங்குலம், எவ்வளவு கனம், குரோம்-மாலியா சாதா எஃகா? தேவையான கேள்விகள்தாம். ஆனால் சேசிஸ் தனி, கேபின் தனி என்று கட்டப்பட்ட பழைய டிரக்கில் கூண்டு முதலில் கைவிடக்கூடிய இடம் குழாய் அல்ல, குழாயின் கால் ஊன்றியிருக்கும் தகடு. குழாய்க்குச் செலவிடும் யோசனையில் பாதியைக் காலுக்குச் செலவிட்டாலே கூண்டின் தரம் வேறாகிவிடும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வண்டி 1967 முதல் 1972 வரை வந்த செவ்ரோலே சி-10 அரை டன் பிக்கப். பழைய வண்டியைத் தன் விருப்பப்படி மாற்றிக் கட்டும் அமெரிக்கப் பட்டறைகளில் இதற்கு எப்போதும் மவுசு உண்டு. தோற்றம் ஒரு காரணம். இன்னொரு காரணம் அடியில் இருக்கிறது. 1960இல் செவ்ரோலே தன் அரை டன் பிக்கப்பின் பின்அச்சுக்கு லீஃப் ஸ்பிரிங்கைக் கைவிட்டு, நீண்ட இரு கைகளும் காயில் ஸ்பிரிங்கும் கொடுத்தது. அதே அமைப்பை நாஸ்கார் பந்தயக் கார்கள் எடுத்துக்கொண்டு பல பத்தாண்டுகள் ஓட்டின. சரக்கு ஏற்றப் பிறந்த வண்டியை வளைவுகளில் விரட்டிப் பார்க்கலாம் என்ற ஆசைக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. அந்த ஆசை வந்த பிறகுதான் கூண்டின் பேச்சு வருகிறது.

எண்கள் இரண்டு விதிநூல்களிலிருந்து வருகின்றன: பன்னாட்டு மோட்டார் அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் இணைப்பு ஜே, பிரிவு 253; அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்.எச்.ஆர்.ஏ.வின் விதிகள். வண்டி எந்தப் பந்தயத்துக்குப் போகிறதோ அந்த அமைப்பின் நடப்பாண்டு விதிநூலே இறுதி.

2. வண்டியின் உடல்

சி-10இல் கூண்டு கட்டுபவர் முன்னால் நான்கு சிக்கல்கள் நிற்கின்றன.

முதலாவது பெட்ரோல் டாங்க். இந்த வண்டிகளில் 75 லிட்டருக்கு மேல் கொள்ளும் டாங்க் கேபினுக்குள்ளேயே, இருக்கையின் முதுகுக்கும் பின்சுவருக்கும் நடுவில் நிற்கிறது. 1973இல் புதிய உடல் வந்தபோதுதான் அது கேபினை விட்டு வெளியேறியது. கூண்டின் முதன்மை வளையம் நிற்க வேண்டிய இடமும் அதேதான். எனவே கூண்டு வேலையின் முதல் நாள் டாங்கை இறக்கும் நாள். சரக்குத் தொட்டியின் அடியில் சேசிஸ் தண்டுகளுக்கு நடுவே புது டாங்க் பொருத்துவது வழக்கமாகிவிட்டது. ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் பெட்ரோலை வைத்துக்கொண்டு கூண்டு மட்டும் கட்டுவதில் அர்த்தமில்லை.

இரண்டாவது துரு. கேபினின் பின் மூலைகள், கதவுக்குக் கீழே ஓடும் ராக்கர், தரையின் ஓரங்கள் ஆகிய மூன்றும் இந்த வண்டியில் முதலில் அரிக்கும் இடங்கள். கூண்டின் கால்கள் இறங்குவதும் அங்கேதான்.

மூன்றாவது ரப்பர். கேபின் சேசிஸின் மேல் ரப்பர் மெத்தைகளில் உட்கார்ந்து, ஓடும்போது தனியாக அசைகிறது. சரக்குத் தொட்டியும் தனி போல்ட்டுகளில் நிற்கிறது. மேடு பள்ளத்தில் கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவிலுள்ள இடைவெளி ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகுவதைப் பின்னால் வரும் வண்டியிலிருந்தே பார்க்கலாம்.

நான்காவது சேசிஸ். அது மூடிய பெட்டி அல்ல, ஒரு பக்கம் திறந்த சி சேனல். நேராக வளைக்கும் பாரத்தைத் தாங்கும். முறுக்கினால் இணங்கிக் கொடுக்கும். முறுக்குக்கு இணங்குவது சரக்கு வண்டிக்கு நல்ல குணம், பந்தய வண்டிக்கு அல்ல.

3. விதிகளின் கோரிக்கை

இன்றைய விதிகள் வருவதற்கு முந்தைய காலத்தைப் பற்றி ஒரு செய்தி சொல்லலாம். 1952இல் டேடோனா கடற்கரையில் நடந்த ஒரு பந்தயத்தில் முதலாவதாக வந்த டிம் ஃபிளாக்கின் வெற்றி பறிக்கப்பட்டது. அவருடைய காரில் இருந்த பாதுகாப்பு வளையம் மரத்தால் ஆனது என்பது காரணம்.

எஃப்.ஐ.ஏ. முதன்மை வளையத்துக்கு 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. கனமும், அல்லது 50க்கு 2.0 கேட்கிறது. மற்ற உறுப்புகளுக்கு 38க்கு 2.5 அல்லது 40க்கு 2.0. உலோகம் குளிர்நிலையில் இழுத்த, தையலில்லாத கார்பன் எஃகு. இழுவலிமை சதுர மி.மீ.க்குக் குறைந்தது 350 நியூட்டன். என்.எச்.ஆர்.ஏ. கூண்டுக்கு 1⅝ அங்குல விட்டம் கேட்கிறது. சாதா எஃகானால் 0.118 அங்குலக் கனம், குரோம்-மாலியானால் 0.083. வளையம் ஓட்டுநரின் தலைக்கவசத்துக்கு மேல் குறைந்தது 3 அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும். தலையிலிருந்து 6 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். பக்கக் குழாய் ஓட்டுநரின் தோளுக்கும் முழங்கைக்கும் இடைப்பட்ட உயரத்தில் கடக்க வேண்டும்.

4. குழாய்: விட்டமும் கனமும்

வளைவை எதிர்க்கும் திறன் வெளிவிட்டத்தின் நான்காம் படியிலிருந்து உள்விட்டத்தின் நான்காம் படியைக் கழித்த அளவோடு சேர்ந்து ஏறுகிறது. 45க்கு 2.5 குழாயின் வெட்டுமுகத் திறன் ஏறத்தாழ 75,600 மி.மீ.⁴, எடை மீட்டருக்கு 2.62 கிலோ. 50க்கு 2.0 குழாய்க்கு 87,000, எடை 2.37 கிலோ. இரண்டாவது குழாய் பத்து சதவீதம் இலேசு, பதினைந்து சதவீதம் விறைப்பு. அப்படியிருந்தும் சி-10 கேபினில் நான் 45ஐத்தான் எடுப்பேன். கூரைக்கும் தலைக்கும் நடுவில் ஒவ்வொரு மில்லிமீட்டரும் எண்ணிச் செலவிட வேண்டியது. போதாததற்கு மெல்லிய சுவர் ஓரிடத்தில் அடிபட்டு நசுங்கினால் மேற்சொன்ன கணக்கெல்லாம் அந்த இடத்தில் செல்லாது.

நம் பொறியியல் கல்லூரி மாணவர்கள் பாஹா எஸ்.ஏ.இ. போட்டிக்குக் கட்டும் வண்டிகளின் கூண்டுக்கு அடிப்படை அளவு 25.4 மி.மீ. விட்டம், 3 மி.மீ. கனம். அதன் திறன் 13,500 மி.மீ.⁴ அளவுதான். 45 மி.மீ. குழாய் அதைவிட ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகம் எடை கொண்டது. விறைப்போ ஐந்தரை மடங்கு. ஒற்றை ஆள் அமரும் சிறிய வண்டிக்குப் போதுமான கூண்டை ஒன்றரை டன்னுக்கு மேல் எடையுள்ள பிக்கப்புக்குள் பெரிதாக்கி வைத்துவிட முடியாது.

குரோம்-மாலி விஷயத்தில் ஒரு மயக்கம் உலவுகிறது. 4130 எஃகின் வலிமை அதிகம் என்பது உண்மை. ஆனால் நெகிழ்வுக்கெழு இரண்டு எஃகுக்கும் ஒன்றே, சுமார் 200 ஜிகாபாஸ்கல். விதி அனுமதிப்பதால் 0.118 கனத்தை 0.083 ஆக்கினால் எடை 28 சதவீதம் குறையும், விறைப்பும் 25 சதவீதம் குறையும். கூண்டு உடையாது, முன்னைவிட அதிகமாக வளையும். எட்டரை வினாடியில் கால் மைல் ஓடும் வண்டிக்கு அந்த எடை மிச்சம் பொருள் உள்ளது. கண்காட்சிக்கும் வார இறுதி ஓட்டத்துக்கும் போகும் டிரக்குக்கு அமெரிக்காவில் டி.ஓ.எம். என்றும் இங்கே சி.டி.டபிள்யூ. என்றும் விற்கும் குழாய் போதும். எஃப்.ஐ.ஏ. விதியின்கீழ் ஓடுவதானால் மட்டும் தையலில்லாத குழாய் வேண்டும்.

5. கால்

எஃப்.ஐ.ஏ. ஒரு கூண்டுக்குச் சான்று வழங்கப் பயன்படுத்தும் பாரக் கணக்கு இது: வண்டியின் எடையோடு 150 கிலோ சேர்த்து, அதன் ஏழரை மடங்கை முதன்மை வளையத்தின் உச்சியில் கீழ்நோக்கி வைக்க வேண்டும். டிரக் 1,700 கிலோ என்று கொள்வோம். 1,850ஐ 7.5ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 13.9 டன். அதை வளையத்தின் இரு கால்களும் பங்கிட்டால் காலுக்கு 7 டன் அளவு, அதாவது சுமார் 69,000 நியூட்டன். வளையத்தைப் பின்னாலிருந்து சாய்வாகத் தாங்கும் பின்தாங்கிகளும் முன்கால்களும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். ஆனாலும் மோசமான நிலைக்கே கணக்குப் போடுவோம்.

கேபின் தரை 1 மி.மீ. தகடு, அதுவும் துருப்பிடிக்காதது என்று வைத்துக்கொள்வோம். 45 மி.மீ. குழாயை அதன் மேல் நேராக நிறுத்திப் பற்றவைத்தால், பாரம் முழுவதும் குழாயின் சுற்றளவான 141 மி.மீ. வழியே தகட்டைக் கத்தரிக்கப் பார்க்கும். சதுர மி.மீ.க்கு 490 நியூட்டன். மென் எஃகுத் தகட்டின் கத்தரிப்புத் தாங்கும் எல்லையோ 100 முதல் 120 வரைதான். குழாய் தரையைத் துளைத்துக்கொண்டு கீழே போகும். கூண்டில் ஒரு கீறலும் இருக்காது. கூரை தலையில் இருக்கும்.

எஃப்.ஐ.ஏ. கேட்கும் 120 சதுர செ.மீ. தகட்டைக் காலின் கீழ் வைத்தால் சுற்றளவு 44 செ.மீ. ஆகி, அழுத்தம் 158ஆக இறங்கும். போதாது. சேசிஸ் இல்லாத வண்டிகளுக்கு என்.எச்.ஆர்.ஏ. சொல்லும் 6 அங்குலச் சதுரம், நம் பட்டறைக் கணக்கில் ஒரு நூல் கனம். அதை வைத்தால் 113. எல்லைக்கோட்டில் நிற்கிறது. இரண்டு தகட்டளவும் உடலே சேசிஸாகக் கட்டப்பட்ட கார்களை மனத்தில் வைத்து வந்தவை. அங்கே தகடு இறங்குமிடத்தின் அடியில் மூடிய சில் ஒன்று ஓடும். சி-10இன் தட்டையான தரையின் நடுவில் அதே தகட்டை வைத்து, விதி நிறைவேறியது என்று எழுதிக்கொள்வது விதியின் எழுத்தை மட்டும் படிப்பது.

செய்ய வேண்டியது இது. காலைத் தரையின் நடுவிலிருந்து ராக்கரின் ஓரத்துக்குத் தள்ள வேண்டும். அங்கே தகடு தட்டையாக இல்லை, மடிந்து எழுகிறது. 3 மி.மீ. தகட்டால் ஒரு பெட்டி செய்து, அதன் அடி தரையிலும் பக்கம் ராக்கரின் நிமிர்ந்த சுவரிலும் உட்காருமாறு பற்றவைத்தால் பாரம் கீழ்நோக்கித் தள்ளுவதோடு நிற்காமல் ராக்கர் சுவரின் நீளம் முழுக்கப் பரவும். பெட்டியின் நீளம் ஓரடி இருந்தால் நல்லது. மூலைகள் கூர்மையாக நிற்கக் கூடாது. கூரிய மூலையில்தான் விரிசல் பிறக்கும். போல்ட் வழியே இணைப்பதானால் அடியிலும் ஒரு தகடு வேண்டும். காலுக்குக் குறைந்தது மூன்று எம்8 போல்ட், தரம் 8.8.

இத்தனையும் துருவற்ற தகட்டுக்குச் சொன்னது. ராக்கர் உள்ளே அரித்திருக்கிறதா என்பது வெளியிலிருந்து தெரியாது, பெயின்ட் பளபளக்கும். கூர்முனைச் சுத்தியலால் நெடுகத் தட்டிப் பார்த்தால் ஓசை மங்கும் இடம் தெரியும். மங்கும் இடத்தை வெட்டியெடுத்துப் புது ராக்கர் பொருத்தாமல் கால்பெட்டி வைப்பதைவிடக் கூண்டே இல்லாதிருப்பது மேல். கூண்டே இல்லையென்றால், அது காப்பாற்றும் என்ற நம்பிக்கையில் யாரும் ஆக்சிலரேட்டரை அழுத்தமாட்டார்கள் அல்லவா!

6. சேசிஸோடு இணைப்பதா

என்.எச்.ஆர்.ஏ. பந்தயத்தில் சேசிஸ் உள்ள வண்டியின் கூண்டு சேசிஸோடு இணைந்திருக்க வேண்டும். தர்க்கம் நியாயமானதே: கேபினைப் பிடித்திருப்பது சில போல்ட்டுகளும் ரப்பரும்தான். ஆனால் இணைத்த கணமே ரப்பரின் வேலை முடிகிறது. கூண்டு சேசிஸோடு ஆடும், கேபின் ரப்பரோடு ஆடும். இரண்டையும் ஓரிடத்தில் சேர்த்துப் பற்றவைத்தால் அந்த இடத்தில் தகடு கிழியத் தொடங்கும்.

வழிகள் மூன்று உண்டு. ரப்பரை எடுத்துவிட்டு அலுமினியம் அல்லது எஃகு அடைகளில் கேபினை இறுக்கிச் சேசிஸ், கேபின், கூண்டு மூன்றையும் ஒரே உடலாக்குவது முதல் வழி; பந்தயத்துக்கு மட்டும் ஓடும் வண்டிக்கு இதுவே சரி. தரையில் பெரிய துளையிட்டுக் குழாயைத் தொடாமல் கீழே இறக்கி, கூண்டைச் சேசிஸிலும் கேபினை ரப்பரிலும் தனித்தனியாக விடுவது இரண்டாவது. கேட்க அழகாக இருக்கும். சுற்றிலும் 15, 20 மி.மீ. இடைவெளி விட்டால் ஏற்கெனவே குறுகலான கேபினில் கூண்டு இன்னும் உள்ளே வந்து தலையை நெருங்கும். கூண்டைக் கேபினில் மட்டும் ஊன்றி, ரப்பரைத் தொடாமல் விடுவது மூன்றாவது. சாலையில் ஓடும் வண்டிக்கு என் தேர்வு இது. உடன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: கேபின் போல்ட்டுகளைத் தரமான புதியவையாக மாற்றி, அவை பிடிக்கும் தாங்கிகளின் துருவைப் பார்ப்பது.

சேசிஸில் இணைப்பவர் சி சேனலின் இயல்பை மறக்கக் கூடாது. கூண்டின் கால் சேசிஸ் தண்டுக்கு வெளியே இறங்குவதால், தண்டிலிருந்து ஒரு கை நீட்டித் தாங்க வேண்டியிருக்கும். அந்தக் கை தண்டை முறுக்கும். எடுத்துக்காட்டாக 150 மி.மீ. உயரம், 60 மி.மீ. அகலம், 4 மி.மீ. கனமுள்ள திறந்த சேனலின் முறுக்குத் திறனைக் கணக்கிட்டு, அதே அளவில் நான்காவது சுவரை மூடிய பெட்டியோடு ஒப்பிட்டால் பெட்டியின் திறன் 400 மடங்குக்கு மேல் வருகிறது. ஆகவே கை பொருந்தும் இடத்தில் சேனலைப் பெட்டியாக்குவது கட்டாயம். மூடும் தகடு திடீரென முடியாமல் இருபுறமும் சாய்வாகக் குறைந்து முடிய வேண்டும். ஃப்ளேஞ்சின் குறுக்கே பற்றவைப்பு ஓடக் கூடாது.

பின்தாங்கிகள் இதன் தொடர்ச்சி. அவை செங்குத்திலிருந்து குறைந்தது 30 பாகை சாய வேண்டும் என்கிறது எஃப்.ஐ.ஏ. வளையத்தின் உச்சி ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால் தாங்கியின் கால் 58 செ.மீ. பின்னால் போக வேண்டும். இருக்கைக்குப் பின்னால் கேபினில் அவ்வளவு இடம் கிடையாது. பந்தய டிரக்கில் பின்சுவரைத் துளைத்து, தொட்டியின் முன்சுவரையும் தொடாமல் கடந்து, சேசிஸில் இறக்குகிறார்கள். கேபினில் மட்டும் ஊன்றிய கூண்டுக்கு அந்த வழி அடைபட்டது. அதற்கு வளையத்துக்குள் மூலைவிட்டக் குழாய் பக்கவாட்டுச் சாய்வையும், முன்நோக்கி ஓடும் பக்கக் குழாய்கள் மட்டுமே முன்பின் சாய்வையும் தடுக்கின்றன. எஃப்.ஐ.ஏ. தேர்வில் அது தேறாது; வாடிக்கையாளரிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது பட்டறையின் கடமை.

7. வளைத்தல், குடைதல், பற்றவைத்தல்

முதன்மை வளையம் ஒரே குழாயில், இடையில் ஒட்டில்லாமல் வர வேண்டும். வளைவின் மையக்கோட்டு ஆரம் விட்டத்தைப்போல் மூன்று மடங்குக்குக் குறையக் கூடாது, 45 மி.மீ. குழாய்க்கு 135 மி.மீ. வளைத்த இடம் நீள்வட்டமாக நசுங்கினால் குறுகிய விட்டம் நீண்ட விட்டத்தில் 0.9க்குக் கீழே போகக் கூடாது. தண்ணீர்க்குழாய் வளைக்கும் ஹைட்ராலிக் யந்திரம் குழாயை உள்பக்கம் மடித்துவிடும். அச்சு சுழன்று இழுக்கும் வளைப்பான்தான் வேண்டும். சி-10 கேபின் மேலே குறுகுவதால் வளையத்துக்கு நான்கு வளைவுகள் தேவைப்படும். நான்கும் ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க, வளையத்தைச் சமதளத் தரையில் படுக்கவைத்து எங்கே ஆடுகிறது என்று பார்த்தால் போதும். 1955 முதல் 1959 வரையிலான செவ்ரோலே டிரக்குகளில் முன்கண்ணாடி பக்கம்வரை சுற்றி வளைவதால் முன்தூண் கீழே பின்னோக்கி மடங்கி முழங்காலை இடிக்கும். அதையொட்டிக் குழாய் வளைப்பது தனித் தலைவலி. சி-10இல் அந்தத் தொல்லை இல்லை.

குழாயின் முனையை மற்றக் குழாயின் வளைவுக்குப் பொருந்தக் குடைவது பொறுமை வேண்டும் வேலை. ஹோல் சாவில் வெட்டி, கிரைண்டரில் தேய்த்து, கையில் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே பார்க்க வேண்டும். இடைவெளியில் வெளிச்சம் தெரிந்தால் அந்த முனை இன்னும் தயாராகவில்லை. இடைவெளியைப் பற்றவைப்புக் கம்பியால் நிரப்பிவிடலாம் என்பவர்கள் பலர். நிரப்பலாம், இறுகும்போது அந்த நிரப்பு சுருங்கி வளையத்தையே இழுக்கும்.

எல்லா இணைப்புகளையும் முதலில் டேக் அடித்து நிறுத்தி, இருக்கை, ஸ்டியரிங், கதவு, கண்ணாடி எல்லாம் பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகே முழுப் பற்றவைப்பு. ஒவ்வொரு இணைப்பும் சுற்றிலும் முழுதாகப் பற்றவைக்கப்பட வேண்டும். கூரைக்கு நெருக்கமாகப் போகும் குழாயின் மேல்பக்கத்தில் டார்ச் நுழையாது. தரமற்ற கூண்டுகளில் அந்த மேல்பக்கம் வெறுமனே விடப்பட்டிருக்கும். சி-10இன் துரு இங்கே கைகொடுக்கிறது. அரித்த தரை ஓரங்களை எப்படியும் வெட்டியெடுக்கப் போகிறோம். அந்தத் துளைகள் வழியே டேக் அடித்த கூண்டை ஒரு சாண் கீழே இறக்கி, கூரைக்கும் குழாய்க்கும் நடுவில் கை போகும் இடத்தில் மேல்பக்கங்களைப் பற்றவைத்து முடித்து, மறுபடி தூக்கி நிறுத்தி, அதன் அடியில் புது ராக்கரும் கால்பெட்டியும் கட்டலாம். இந்த வரிசைப்படி போனால் துரு வேலையும் கூண்டு வேலையும் ஒன்றாகவே முடியும். துருவை முதலில் சரிசெய்து, பெயின்ட் அடித்து, பிறகு கூண்டுக்கு வருபவர் அதே தரையை இரண்டாம் முறை வெட்டுவார்.

சாதா எஃகுக்கு மிக் போதும். குரோம்-மாலிக்கு என்.எச்.ஆர்.ஏ. டிக் மட்டுமே ஏற்கிறது. பற்றவைத்த சூட்டில் தண்ணீரோ ஈரத்துணியோ படக் கூடாது. பற்றவைப்பைக் கிரைண்டரில் வழவழப்பாகத் தேய்ப்பதை விதி தடைசெய்கிறது. கண்காட்சி வண்டிகளில் இந்த ஆசை அதிகம். தேய்த்தது அழகு, தேய்ந்தது வலிமை.

8. கவசமில்லாத தலை

கூண்டு தலைக்கவசத்தையும் பல முனை இருக்கைப் பட்டையையும் நம்பிக் கட்டப்படுவது. பழைய பிக்கப்பில் இருந்தது தாழ்ந்த முதுகுள்ள பெஞ்சு இருக்கை. தலைக்கும் பின்கண்ணாடிக்கும் நடுவில் ஒரு சாண் இடம். அங்கே எஃகுக் குழாய் வந்து நின்றால், கூரை நசுங்காத சிறு விபத்திலேயே மண்டை குழாயில் மோதும். எஸ்.எஃப்.ஐ. 45.1 அல்லது எஃப்.ஐ.ஏ. 8857-2001 தரமுள்ள பஞ்சுறை சுற்றினால் போதும் என்று நினைப்பது பாதி உண்மை. அந்த உறைகள் கவசம் அணிந்த தலையின் மோதலுக்கு ஏற்ற விறைப்புடையவை, வெறுந்தலைக்குக் கடினமானவை.

ஆகவே கடைக்குப் போகவும் பிள்ளைகளை ஏற்றவும் பயன்படும் டிரக்குக்கு முழுக் கூண்டு வேண்டாம் என்பது என் முடிவு. இருக்கைக்குப் பின்னால் ஒரு வளையம், அதில் மூலைவிட்டம், நல்ல மூன்று முனைப் பட்டை, தலைக்கு மேல் உயரும் முதுகுள்ள தனித்தனி இருக்கைகள் போதும். தலைக்கு முன்னாலும் மேலும் குழாய் ஓடக் கூடாது. இரு தோளையும் இறுக்கும் பந்தயப் பட்டை வளையமில்லாத வண்டியில் ஆபத்து. கூரை இறங்கினால் உடல் விலக வழியில்லை.

9. சோதனையும் பதிவும்

குழாயின் கனத்தைச் சரிபார்க்க அல்ட்ராசோனிக் அளவி உண்டு. சில அமைப்புகள் முக்கியமற்ற ஓர் இடத்தில் சிறு துளையிடச் சொல்லி, அதன் வழியே அளக்கின்றன. பற்றவைப்பவரின் கையைச் சோதிக்க, அதே குழாயின் இரு துண்டுகளை அதே அமைப்பில் பற்றவைத்து, குறுக்கே அறுத்துப் பார்ப்பதைவிட நம்பகமான வழி பட்டறையில் இல்லை. வேர்வரை உருகியிருக்கிறதா என்பது அறுத்த முகத்தில் தெரிந்துவிடும்.

காலுக்கு அப்படி ஒரு சோதனை பின்னால் செய்ய முடியாது. மேலே கம்பளம் விழுந்துவிடும், கீழே ராக்கர் மூடிவிடும். வெட்டியெடுத்த ராக்கர், புதிய தகடு, பெட்டியின் உட்புறம், பற்றவைப்பின் நீளம் என ஒவ்வொன்றையும் அளவுகோல் வைத்துப் படமெடுத்து, குழாய் ஆலைச் சான்றோடு கோப்பில் சேர்க்க வேண்டும். வண்டி கைமாறும்போது கோப்பும் உடன் போகட்டும். மூடிய பெட்டிக்குள் ஈரம் தங்கினால் துரு மறுபடி அங்கேயே தொடங்கும். ஆகவே பெட்டியின் தாழ்ந்த மூலையில் 6 மி.மீ. வடிகால் துளை ஒன்று விட்டு, உள்ளே துருத்தடுப்பு மெழுகைப் பீய்ச்சி, ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் துளை அடைபடாமல் இருக்கிறதா என்று கம்பியால் குத்திப் பார்க்க வேண்டும்.